தொட்டியின் கனம்

2022 மார்ச் 15, செவ்வாய்க்கிழமை. கான்பெராவின் வெஸ்டன் பகுதியில் காலை ஆறே முக்காலுக்கு வெப்பநிலை ஒன்பது டிகிரி. நெவிலுக்குக் குடலில் அறுவை சிகிச்சை நடந்து அன்று எண்பத்தைந்தாவது நாள்.

…ஆக இன்றைக்குத் தூக்கலாம், பன்னிரண்டு வாரத்துக்குத் தேநீர்க் கெட்டிலைவிடக் கனமான எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டரம்மா வைத்த கெடு நேற்றோடு முடிந்தது, பத்துக் கிலோ வரை பரவாயில்லை என்று தொலைபேசியில் சொன்னாள், அப்படி எதைத் தூக்கத் துடிக்கிறீர்கள் என்றும் கேட்டாள், ஒரு பூந்தொட்டி என்றான், அதில் பொய் ஒன்றும் இல்லை, பூக்கிற செடிதான், கஞ்சா, இந்த ஊரில் ஆளுக்கு இரண்டு வளர்க்கலாம் என்று சட்டமே சொல்கிறது, கிழக்கே இருபது நிமிடம் காரை ஓட்டி எல்லைக்கோட்டைத் தாண்டினால்தான் அதே செடி குற்றமாகிவிடும்… பின்கட்டு வராந்தாவின் பலகைகள் செருப்புக்கடியில் ஈரமாக இருந்தன, இரவுப் பனியாக இருக்கும், மேலே ஒளி புகும் பிளாஸ்டிக் கூரை, அதனால் இரண்டு தொட்டிகளிலும் மழை விழாது, இந்தக் கோடை பெய்த மழைக்கு வெளியே வைத்திருந்தால் பூவெல்லாம் பூஞ்சணம் பிடித்து அழுகியிருக்கும். தொட்டிக்குள் போகிற ஒவ்வொரு சொட்டும் அவன் கையால் போவதுதான். அதனால்தான் புரியவில்லை. ஒரே விதை, ஒரே மண், ஒரே நாளில் நட்டவை, நவம்பரில் குதிரைப் பந்தயம் முடிந்து இனி உறைபனி விழாது என்று தக்காளி நடுகிற அதே வாரத்தில், அப்படியிருக்க வராந்தாக் கோடியில் நிற்பது கரும்பச்சையாக, இடுப்பு உயரத்துக்கு, கொம்பு சீவிய காளை மாதிரி நிற்க, சமையலறைக் கதவோரம் இருக்கிற இது மட்டும் ஏன் இப்படித் தொங்கிப்போய், ஈரத் துணியைக் காயப்போட்ட மாதிரி…

இலைகளைப் பார்த்தான், மறுபடியும். எண்பத்தைந்து நாளாக வேறு என்ன வேலை. அடி இலைகள் பச்சையாகத்தான் இருக்கின்றன, நுனி மட்டும் தீய்ந்து பழுப்பாக, அது உரம் அதிகமானதால், அது தன் தவறு, அதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் உச்சியில் புதிதாக வருகிற இலைகள் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை, எலும்பை மட்டும் காட்டுகிற எக்ஸ்ரே படம் போல. ஜனவரியில் இதைப் படம் பிடித்து இணையத்தில் ஊர்க்காரர்களின் குழுவில் போட்டான், இருபத்து மூன்று பதில்கள், பதினொரு வியாதிகள். தழைச்சத்துக் குறைவு என்றான் ஒருவன், மெக்னீசியம் என்றாள் ஒருத்தி, வேரில் புழு என்றான் இன்னொருவன், ஊரிலேயே நீதான் மோசமான தோட்டக்காரன் என்றும் ஒருவன் எழுதியிருந்தான், அவன் நெவிலின் பழைய வேலைக்கூட்டாளி. மீன் உரம் ஊற்றினான். எப்சம் உப்பைக் கரைத்து ஊற்றினான். இரும்புச்சத்து மருந்தும் வாங்கி ஊற்றினான். எல்லாம் இரண்டே வாரத்துக்குள். முப்பத்தொரு வருடம் குளிர்பெட்டி பழுது பார்த்தவன் செய்கிற காரியமா இது? ஒரு நேரத்தில் ஒன்றை மாற்று, மாற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில், இதைத்தானே தொழிலுக்கு வந்த ஒவ்வொருவனிடமும் சொன்னான்? ஆனால் பெட்டிக்கு வியாதி வந்தபோது அவனுக்கு வியாதி வரவில்லை, நிதானமாக இருந்தான், இப்போது தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரியாதபோது செடியிலாவது எதையாவது சரி செய்துவிட வேண்டும் என்று… அந்த இருபத்து மூன்றில் ஒரே ஒருவன் மட்டும் ஐந்து வார்த்தை எழுதியிருந்தான். தொட்டியத் தூக்கிப் பாத்தியாப்பா, தூக்கிப் பாரு. அவ்வளவுதான். தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது, காய்ந்த மண் லேசாகத் தூக்க வரும், ஊறிய மண் வராது, நெவிலுக்கும் அது தெரியும். ஆனால் கெட்டிலுக்கு மேல் கூடாதே. விரலை மண்ணில் விட்டுப் பார்ப்பது அடுத்த வழி, அதையும்தான் செய்தான், தினமும், ஆனால் புற்றுநோய்க்கான அந்த மாத்திரைகளை விழுங்கத் தொடங்கியதிலிருந்து விரல் நுனிகள் மரத்துப் போய்விட்டன, ஈரமும் ஒன்றுதான் வறட்சியும் ஒன்றுதான், சட்டைப் பொத்தானையே கோரல்தான் போட்டுவிட வேண்டியிருக்கிறது. அதனால் நாட்காட்டியைப் பார்த்து ஊற்றினான், ஐந்து நாளுக்கு ஒரு முறை, அளந்து.

கோரல். அக்கா. எழுபத்தொரு வயது. அவள் பேர் வந்ததும் பைஜாமாப் பையிலிருந்த தொலைபேசி தொடையில் உறுத்தியது. நேற்றிரவு அவள் மகள் ஷெரிக்கு எழுதி வைத்த செய்தி அதில் இருக்கிறது, இன்னும் அனுப்பவில்லை, வியாழக்கிழமை பஸ்ஸில் அம்மாவை ஏற்றிவிடுகிறேன், கிரிஃபித் பஸ் நிலையத்துக்கு வந்துவிடு, இனி நான் சமாளித்துக்கொள்வேன். மரத்த விரலால் அந்த மூன்று வரியை எழுதக் கால்மணி நேரம் ஆயிற்று. எல்லாம் நேற்றுச் சாயங்காலம் குனிந்தபோது வந்த அந்த வாசனையால். மண்ணிலிருந்து சோப்பு வாசனை. வீட்டு மண்ணில், செடியடியில், துணி துவைக்கிற மஞ்சள் சோப்பு… மூக்கு மட்டும் மரக்கவில்லை, அதற்கு நன்றி.

முதலில் கோடியிலிருந்த நல்ல செடி. தண்ணீர் ஊற்றி ஐந்து நாள் ஆகிறது. விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தான், மூச்சை விட்டுக்கொண்டே சாய்த்தான், வயிற்றுத் தையல் ஒன்றும் சொல்லவில்லை, தொட்டி வெற்றுப் பெட்டி போல லேசாக எழுந்தது, எழுந்த வேகத்தில் அவனே ஒரு அடி பின்னால் போனான், சிரிப்பு வந்துவிட்டது, எண்பத்தைந்து நாளுக்குப் பிறகு ஒரு பொருளைத் தூக்கியிருக்கிறான், கை கையாக இருக்கிறது. பிறகு கதவோரம் வந்தான். இதற்கும் தண்ணீர் ஊற்றி அதே ஐந்து நாள். விளிம்பைப் பிடித்தான், சாய்த்தான். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி… ஒரு விரல்கடை எழுந்து திரும்ப உட்கார்ந்துகொண்டது, அடியில் துளையிலிருந்து தண்ணீர் பலகை இடுக்கில் சொட்டியது, அந்தச் சொட்டில் ஒரு சின்ன நுரைக்குமிழ், உடைய மனமில்லாமல் நின்று பிறகு உடைந்தது. இங்கே வேறு யாரோ ஊற்றுகிறார்கள். தினமும். சோப்போடு. இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

ஒன்றும் புதிதில்லை கோரலுக்கு, ஒரு முறை செய்தவள்தானே. 1996, ஹில்ஸ்டனில், கோழிக்கூட்டுக்குப் பின்னால் இதே செடி மூன்று, மகன் க்ளென் வளர்த்தவை, அவனுக்குப் பத்தொன்பது வயது, அவள் துணி வேகவைக்கிற அண்டாவிலிருந்து சலவைச் சோடா கலந்த வெந்நீரை மொண்டு போய் வேரில் ஊற்றினாள். க்ளென் பெட்டியைக் கட்டிக்கொண்டு மேற்கே சுரங்க வேலைக்குப் போனான், இருபத்தாறு வருடம் ஆகிறது, கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடுகிறான், மழை பெய்ததா என்று கேட்கிறான், பெய்தது என்கிறாள், அவ்வளவுதான். இதை அவள் நெவிலிடம் சொன்னது ஒரே தடவை, காரில், ரோட்டைப் பார்த்துக்கொண்டே, வெந்நீர் ஊத்தினேன் என்று ஒரே வாக்கியம், பிறகு ரேடியோவைத் திருகினாள். போன வாரம்கூடச் சொன்னாளே, உன் செடி நாத்தம் தாங்கலடா, பக்கத்து வீட்டு நாய்கூட மூஞ்சியத் திருப்பிக்குது என்று. ஆக இந்த முறை வெந்நீர் இல்லை, சோப்பு, மெதுவாக, தெரியாமல்… போன வருடம் அறுத்துக் காயவைத்த பூவில் ஜாடியின் அடியில் ஒரு கைப்பிடிதான் மிச்சம். மாத்திரை வாரங்களில் ராத்திரி அந்தப் பூவைச் சேர்த்துச் சுட்ட ஒரு பிஸ்கட் இல்லாவிட்டால் சோறு இறங்காது, தூக்கமும் கிடையாது, அது அவளுக்கும் தெரியும், தெரிந்தும்.

ஆனால் அந்த இடத்தில்தான் நினைப்பு வழுக்கியது, நேற்றிரவும் இங்கேதான் வழுக்கியது, அதனால்தான் செய்தி போகாமல் நிற்கிறது. ஏனென்றால் டிசம்பர் 23, நானூறு கிலோமீட்டர், ஒரு பெட்டி, ஒரு தலையணை, ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்கியவள் இவள்தான். பிரிந்துபோய்ப் பதினாறு வருடம் ஆன மனைவி ஒரு அட்டை அனுப்பினாள், நல்ல அட்டை. கோரல் வந்தாள். மலம் சேர வயிற்றில் ஒட்டிய பையை முதல் தடவை மாற்றும்போது அவன் பிரிக்கத் தெரியாமல் திணற, தள்ளுடா, ஆயிரம் ஆட்டுக்குட்டிக்குப் பிரசவம் பாத்தவ நான், இது என்ன பெரிய கம்பசூத்திரமா என்று கையைத் தட்டிவிட்டு, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லாமல், அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு அழுததைப் பார்க்காத மாதிரி கிரிக்கெட் ஸ்கோரைச் சொல்லிக்கொண்டே மாற்றினாள். பிப்ரவரியில் மூன்று நாள் எதுவும் தங்காதபோது ராத்திரி முழுக்க ஸ்பூனால் கஞ்சி. பொத்தான். காலுறை. உள்ளங்கால் உரிந்தபோது அதற்கு மருந்து, விரல் விரலாக. இத்தனைக்கும் ஒரு தடவைகூட அவன் நன்றி என்று சொன்னதில்லை, சொல்ல வாய் வந்தபோதெல்லாம் அவள் டீ ஆறுது குடி என்றாள். அப்படிப்பட்டவள் ஒரு கையால் இதையும் இன்னொரு கையால் அதையும் செய்வாளா? செய்யலாம். க்ளென்னுக்கும் அவள்தானே சோறு போட்டாள். நன்றி இருக்கிற மனசில் சந்தேகத்துக்கு இடமே இருக்காது என்று நினைத்திருந்தான், இரண்டும் ஒரே அறையில் கட்டில் போட்டுப் படுத்துக்கொள்ளும் போலிருக்கிறது…

சுவருக்குள் குழாய் முட்டியது. குளியலறையில் ஷவரைத் திறந்திருக்கிறாள். ஏரிப் பக்கம் ஆளேறிப் பறக்கிற பலூன்களின் திருவிழா, முதல் பலூன் வீட்டுக்கூரைகளுக்கு மேல் வந்துகொண்டிருந்தது, அதன் நெருப்புச் சீற்றலுக்குத் தெருவிலுள்ள நாயெல்லாம் குரைத்தது, அதற்கு நடுவே வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம். ஷவரடியில் வாளி. வறட்சிக் காலத்தில் இந்த ஊரில் எல்லாரும் வைத்தார்கள், அணைகள் நிறைந்ததும் எல்லாரும் எடுத்துவிட்டார்கள், இப்போது அணை வழிகிறது, கோரல் மட்டும் வந்த மறுநாளே ஒரு வாளியைக் கொண்டுபோய் ஷவரடியில் வைத்தாள். சின்ன வயதிலும் அப்படித்தான், குளியல் தொட்டியில் ஒரே தண்ணீர், அப்பா, கோரல், கடைசியில் நெவில், அவன் முறை வரும்போது டீ நிறம், பிறகு அதை வாளியில் மொண்டு எலுமிச்சை மரத்துக்கு ஊற்ற வேண்டும், ஒரு சொட்டுச் சிந்தினாலும் முதுகில் விழும்… அவள் இன்றைக்கும் துணி சோப்பைத்தான் தலைக்கும் உடம்புக்கும் போடுகிறாள், வாசனைச் சோப்பெல்லாம் பட்டணத்துப் பவுசு என்று. மஞ்சள் சோப்பு. வாளி. தண்ணீர். அட… அப்படியும் இருக்குமா? குழாய் மறுபடி முட்டி நின்றது. அவன் கோடிச் செடிக்குப் பின்னால் நகர்ந்தான், எதற்கு ஒளிகிறோம் என்று தெரியாமலே, அறுபத்து நாலு வயதில், பைஜாமாவோடு.

சமையலறைக் கதவு திறந்தது. கோரல், தலையில் துண்டு, இரண்டு கையாலும் பிடித்த வாளி, பாதிக்கு மேல் தண்ணீர், இடுப்பு வலிக்காக ஒரு பக்கம் சாய்ந்து நடை. தொட்டியருகே வைத்தாள். உடனே ஊற்றவில்லை. சட்டைக் கையைச் சுருட்டி, குழந்தையைக் குளிப்பாட்டுமுன் பார்ப்பது போல முழங்கையை வாளியில் விட்டாள். எடுத்தாள். யோசித்தாள். வராந்தாக் குழாயைத் திருகி ஒரு குவளை பச்சைத் தண்ணீர் பிடித்து அதில் கலந்தாள். மறுபடி முழங்கை. அப்புறம்தான் குவளை குவளையாகத் தண்டைச் சுற்றி, அதன்மேல் படாமல், ஓரமாக… “குடி. குடிச்சுத் தொலை. இப்படித் தொங்கிக்கிட்டே நின்னா அவன் என்னைத்தான் சொல்லுவான்.”

நெவில் நகர்ந்திருக்க வேண்டும், பலகை முனகியது.

“ஐயோ கர்த்தரே! ஏண்டா, பேய் மாதிரி அங்க எதுக்கு நிக்கிற? ஒன்பது மணி வரைக்கும் படுத்துக் கிடக்கிறவன்!”

“என்ன பண்ற கோரல்?”

“பார்த்தா தெரியல? என் செடிக்குத் தண்ணி ஊத்துறேன்.”

“உன் செடியா?”

“பின்ன யார் செடி? நீதான குடுத்த. கிறிஸ்துமஸ் அன்னிக்கு, வாயில ஹாமை வெச்சுக்கிட்டு. ரெண்டுல ஒண்ணு உன் பேர்ல இருக்கட்டும், போலீஸ் வந்தா பாதிப் பாவம் உனக்குன்னு சொல்லி வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்ச. தையல் பிரிஞ்சிரும்னு நான் கத்தலையா?”

சொன்னானா? சொல்லியிருப்பான். அன்றைக்கு மருந்து மயக்கம், அந்த ஹாம் பன்றிக்கறி ஞாபகம் இருக்கிறது, சிரித்தது ஞாபகம் இருக்கிறது, எதற்குச் சிரித்தோம் என்பது போய்விட்டது. அவன் சொல்லிவிட்டு மறந்தது ஒரு கிண்டல், அவள் அதை எடுத்துவைத்துக்கொண்டு எண்பது நாளாக, இடுப்பு வலியோடு, தினமும் ஒரு வாளி…

“உனக்கு இது பிடிக்காதே. நாத்தம்னியே.”

“நாத்தம்தான். உன் காலுறையும்தான் நாத்தம், துவைக்கலையா?” குவளையை வாளிக்குள் போட்டாள். பலூனை அண்ணாந்து பார்த்தாள், பலூனுக்குச் சொல்வது போலச் சொன்னாள். “சூடு பார்த்துத்தாண்டா ஊத்துறேன். ஒரு நாள்கூடப் பார்க்காம ஊத்தல.”

அந்த முழங்கை. இருபத்தாறு வருடத்துக்குப் பிறகும் ஒவ்வொரு காலையும் ஒரு வாளித் தண்ணீரை நம்பாமல் சூடு பார்க்கிற முழங்கை. அதற்குமுன் நின்று அவன் என்ன சொல்லுவான்? சூடு சரிதான் கோரல், சோப்புதான் தப்பு, உன் சோப்பு மண்ணைக் காரமாக்கிவிட்டது, மண்ணில் இரும்புச்சத்து கொட்டிக் கிடக்கிறது, காரமான மண்ணில் வேர் அதை எடுக்க முடியாது, அதனால்தான் உச்சி மஞ்சள், தினமும் ஊற்றியதில் வேருக்கு மூச்சும் இல்லை, அதனால்தான் தொங்கல், இரண்டும் உன் கைதான் என்றா? ஒரே நொடியில் எல்லாம் பொருந்தி, பழுது எங்கே என்று தெரிந்த அந்தப் பழைய தொழில் சந்தோஷமும் வந்து, தெரிந்ததைச் சொல்ல முடியாமல்…

“ஏண்டா மஞ்சளாவே இருக்கு?” அவளே கேட்டாள், குரல் இறங்கியிருந்தது. “உன்னோடது அங்க ராஜா மாதிரி நிக்குது. என்னோடது மட்டும் ஏன் இப்படி? நான் ஊத்துறதாலயா?”

“என் உரத்தால” என்றான். “மூணு மருந்தை ஒண்ணா ஊத்தித் தொலைச்சேன். நுனியப் பாரு, கருகியிருக்கா? அது நான்தான்.” நுனியைப் பொறுத்தவரை உண்மை.

அவள் குனிந்து நுனியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவனையும் பார்த்தாள், அவன் பொத்தான்களைப் பார்க்கிற அதே பார்வை, எது மேலேறியிருக்கிறது எது கீழிறங்கியிருக்கிறது என்று. “நீ அப்பலேர்ந்தே பொறுமையில்லாத பய.”

“ஒரு வாரம் தண்ணியே வேண்டாம் அதுக்கு. காயட்டும். அப்புறம் தொட்டி லேசானதும் மழைத்தண்ணி ஊத்தலாம், டாங்கில நிறைய கிடக்கு.”

“ஒரு வாரமா? கொலைகாரா. அப்ப இந்த வாளித் தண்ணிய என்ன பண்ண?”

“எலுமிச்சைக்கு ஊத்து.”

“அதுக்குத்தான் நீ ராத்திரி ராத்திரி போய் நின்னு ஒண்ணுக்கு ஊத்துறியே, போதாதா? பக்கத்து வீட்டுல விளக்குப் போட்டுப் பார்க்கிறாங்க.”

சிரித்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இந்த முறை வலிக்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் அந்த இடைவெளியில், அவள் டீ ஆறுது என்று சொல்லுமுன், சொல்ல டீயே இல்லாத நேரத்தில், “கோரல், ரொம்ப நன்றி” என்றான். எதற்கு என்று சொல்லவில்லை, பட்டியல் போட்டால் மத்தியானமாகிவிடும். அவள் தலைத்துண்டை அவிழ்த்து உதறினாள். “என்னடா ஆச்சு உனக்கு? காய்ச்சலா? உள்ள வா, டோஸ்ட் போடுறேன்.” வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, எலுமிச்சைப் பக்கம் சாய்ந்து சாய்ந்து போனாள். அவன் தொலைபேசியை எடுத்தான், மூன்று வரியையும் அழித்தான், எழுதியதைவிட அழிக்க நேரம் குறைவாகத்தான் பிடித்தது, பலூன் தலைக்கு மேலே வந்து, கூடையில் நின்ற யாரோ கையசைக்க, அவனும் பதிலுக்குக் கையசைத்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை தொட்டியைச் சாய்த்துப் பார்த்தான். லேசாக வந்தது. கதவோரம் வாளி தயாராக நின்றது, மழைத்தண்ணீர், முகர்ந்து பார்த்தான், சோப்பு வாசனை இல்லை. முகம் கழுவக் குளியலறைக்குப் போனபோது கவனித்தான், மஞ்சள் சோப்பு அங்கே இல்லை, துணி துவைக்கிற அறைக்குப் போயிருந்தது, அதன் இடத்தில் கடையில் வாங்கிய லாவெண்டர் சோப்பு, உறை பிரித்து, ஒரு நாள் உபயோகித்தது. சோப்பைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அன்றைக்கு உரத்தால என்று அவன் சொன்னபோது அவள் அப்படிப் பார்த்தாளே, அப்போதே தெரியுமா, இல்லை அப்புறம் யாரையாவது கேட்டாளா, தெரிந்துதான் அவனைப் பொய் சொல்ல விட்டாளா… சமையலறையில் அவள் டோஸ்டுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவன் போய்த் தட்டை நீட்டினான்.

ஏப்ரல் 22 வெள்ளிக்கிழமை, உறைபனி விழுமுன், இரண்டு செடிகளையும் அறுத்தார்கள். காய்ந்தபின் அவனுடையது இரண்டு ஜாடி, அவளுடையது முக்கால் ஜாடி. கோரல் ஜூன் பத்தாம் தேதி வரை இருந்தாள். எல்லையைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்பதால் முக்கால் ஜாடி அவள் பேர் எழுதி ஒட்டி நெவிலின் அலமாரியில் இருக்கிறது.